எர்த் பிடிக்கல

முதலில் சந்தேகப்பட்டது பெட்ரோல் பங்க்கை. அடுத்து என் மைத்துனனை. அதற்கடுத்து எலெக்ட்ரீஷியனை. வண்டியின் பின்பக்கம் தகரத்தோடு ஒட்டிக் கிடந்த ஒரு கறுப்பு வயரைச் சந்தேகப்பட எனக்கு ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. இத்தனைக்கும் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மின்தடை, மீட்டர் பிரிட்ஜ், பொட்டன்ஷியோமீட்டர் எல்லாம் சொல்லிக்கொடுத்து வாங்குகிற சம்பளத்தில்தான் அந்த வண்டிக்குப் பெட்ரோலே போடுகிறேன்.

கார்ப்யுரேட்டர் வைத்த சின்ன கார். கால் நூற்றாண்டுக்கு மேல் ஓடிவிட்டது. எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. இத்தனை வருடம் உழைத்த தகரத்துக்காகச் செய்தவனைக் குறை சொல்வது நியாயமில்லை. வீடு திருச்சியில் விமான நிலையம் போகும் பக்கம். மாமனார் வீடு புதுக்கோட்டையில். வண்டியின் பெரும்பாலான ஓட்டம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

ஐந்நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டால் முள் எவ்வளவு ஏறும் என்பது நடுத்தரக் குடும்பத்தில் கார் வைத்திருப்பவனுக்குக் கைரேகை போலத் தெரியும். ஒருநாள் அது ஏற வேண்டிய அளவில் பாதிகூட ஏறவில்லை. ஆசிரியர் அறையில் சொன்னேன். உடனே தீர்ப்பு வந்துவிட்டது. "சார், ரவுண்டா ஐந்நூறுக்குப் போடாதீங்க. மெஷின்லயே செட் பண்ணி வச்சிருப்பான். ஐந்நூத்திப்பத்துக்குப் போடுங்க." கணக்கு வாத்தியார் சொன்னது. நானும் அப்படியே செய்தேன். முள் அசையவில்லை.

அடுத்த முறை பங்க்கில் வண்டியை நிறுத்தி, அளந்து காட்டச் சொன்னேன். எல்லா பங்க்கிலும் எடையளவு முத்திரை போட்ட ஐந்து லிட்டர் பாத்திரம் ஒன்று இருக்கும். கேட்டால் நம் கண்ணெதிரே அதில் பிடித்துக் காட்ட வேண்டும். ஐந்து லிட்டருக்கு 25 மில்லி வரை கூடக் குறைய இருக்கலாம். அந்தப் பையன் முகம் சுளிக்காமல் எடுத்து வந்து பிடித்தான். கழுத்துக் கோட்டில் வந்து நின்றது பெட்ரோல். அதையே என் டேங்கில் ஊற்றினான். சாவியைத் திருப்பிப் பார்த்தேன். முள் ஏதோ ஒப்புக்கு ஏறியது.

முத்திரை போட்ட பாத்திரம், கண்ணெதிரே ஊற்றிய ஐந்து லிட்டர், ஏறாத முள். ஆய்வுக்கூடத்தில் ஒரு மாணவன் இப்படி மூன்று தகவலைக் கொண்டுவந்து நின்றால், "கருவியைப் பார்டா" என்று ஒரே வார்த்தையில் சொல்லி அனுப்பியிருப்பேன். எனக்கு நானே சொல்லிக்கொண்டது வேறு: இந்த பங்க்காரன் நேர்மையானவன், மற்றவர்கள்தான் ஏமாற்றுகிறார்கள்.

மைத்துனன் விஷயம் இதைவிட மோசம். மனைவியின் தம்பி. புதுக்கோட்டையில் சின்னதாகத் தொழில் செய்கிறான். கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி என்று அவ்வப்போது வண்டியை எடுத்துப்போவான். ராத்திரி ஒன்பது பத்து மணிக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டு, "மாமா, பெட்ரோல் போட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடிப்பான். வண்டியை ஓரமாகத் திருப்பி நிறுத்த நான் ஏறி உட்காருவேன். விளக்கு எரிந்துகொண்டிருக்கும். முள் கால் பாகத்துக்குக் கீழே படுத்திருக்கும்.

மறுநாள் காலையில் பார்த்தால் கொஞ்சம் ஏறியிருக்கும். இதற்கு நான் ஒரு கொள்கை வைத்திருந்தேன். அதை ஆசிரியர் அறையில் விளக்கவும் செய்தேன். ராத்திரிக் குளிரில் பெட்ரோல் சுருங்குகிறது, வெயில் ஏற ஏற விரிகிறது. எல்லாரும் தலையாட்டினார்கள். பெட்ரோல் ஒரு டிகிரிக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான் விரியும். பத்து டிகிரி மாறினாலும் இருபது லிட்டரில் இருநூறு மில்லி. அதை எந்தக் கார் முள்ளும் காட்டாது. கணக்குப் போட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். கொள்கை கைவசம் இருந்ததால் கணக்குப் போடத் தோன்றவில்லை.

ஆடி பதினெட்டுக்கு மாமனார் வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "வண்டி குடுத்தா பெட்ரோலையும் சேத்துத்தான் குடுக்கணும் போலருக்கு" என்று பொதுவாகச் சொன்னேன். யாரைச் சொன்னேன் என்று எல்லாருக்கும் தெரியும். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். மாமியார் ரசம் கொண்டுவந்தார். அடுத்த முறை வண்டி திரும்பி வந்தபோது, டேஷ்போர்டில் ஸ்பீடோமீட்டர் கண்ணாடிக்கு முன்னால் பங்க் பில் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. அதற்கடுத்த முறையும். கொழுப்பு என்று நினைத்தேன். பில்லில் தேதி, நேரம், லிட்டர் எல்லாம் தெளிவாக இருந்தன. முள் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. பில்லையா, முள்ளையா என்று வந்தபோது முள்ளை நம்பினேன்.

மூன்றாவதாக எலெக்ட்ரீஷியன். பானெட்டைக்கூடத் திறக்காமல், "மீட்டர் போயிடுச்சு சார்" என்றார். புதிது வராது, புதுப்பேட்டையில் தேடினால் கிடைக்கும் என்றார். சென்னைக்கு விடைத்தாள் திருத்தப் போன சாக்கில் புதுப்பேட்டை போனேன். இந்தியாவில் எந்த மூலையில் செத்த காராக இருந்தாலும் அதன் ஒரு உறுப்பாவது அந்தத் தெருக்களில் தொங்கிக்கொண்டிருக்கும். ஓடிய கிலோமீட்டர் காட்டும் பகுதியைத் தொடாமல், பெட்ரோல் மீட்டரை மட்டும் கழற்றி மாற்றினோம். சில நாள் முள் ஒழுங்காக நின்றது. எலெக்ட்ரீஷியனைப் புகழ்ந்து இரண்டு பேருக்கு அவர் நம்பரையும் கொடுத்தேன். பிறகு முள் மறுபடி பழைய குணத்துக்குத் திரும்பியது. புகழ்ந்த வாயால் திட்டினேன்.

இதற்குப் பிறகுதான் பழகிக்கொண்டேன். சொல்லப்போனால் இந்தப் பழக்கம்தான் இந்தக் கதையிலேயே ஆபத்தான இடம். எப்போதும் தவறாகக் காட்டும் முள்ளால் கெடுதல் இல்லை. அதை யாரும் பார்க்கமாட்டார்கள். என் முள் வாரத்தில் சில நாள் சரியாகவே காட்டியது. தவறும்போதெல்லாம் குறைத்தே காட்டியது, ஒருபோதும் கூட்டிக் காட்டவில்லை. அதனால் 'ஈ' எழுத்தின்மேல் முள் படுத்திருந்தாலும் டேங்கில் பெட்ரோல் இருக்கும் என்ற தைரியம் வந்துவிட்டது. பயப்படுத்த வேண்டிய ஒரே எழுத்து பயப்படுத்துவதை நிறுத்திவிட்டது.

அதற்குப் பதிலாகக் கணக்கு. பெட்ரோல் போடும்போது கிலோமீட்டரைக் குறித்துக்கொள்வது, லிட்டருக்கு இவ்வளவு என்று பெருக்குவது. முள்ளே இல்லாமல் உலகம் ஓடியிருக்கிறது. ஃபோர்டின் மாடல் டி காரில் முன்சீட்டுக்கு அடியில் டேங்க். சீட்டைத் தூக்கி மரக்குச்சியை விட்டுப் பார்ப்பார்கள். ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் 1960களின் தொடக்கம் வரை பெட்ரோல் முள் கிடையாது. வண்டி திணறினால் காலால் ஒரு குமிழைத் தள்ளி ரிசர்வுக்கு மாற்ற வேண்டும். நம்மூர் பழைய ஸ்கூட்டரிலும் அதே கதைதான். நின்றுவிட்டால் ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து நிமிர்த்தினால் இன்னும் ரெண்டு தெரு போகும். பங்க்கில் தரைக்கடியில் இருக்கும் தொட்டியையே தினம் காலையில் கம்பு விட்டுத்தான் பார்க்கிறார்கள். என் காரில் கம்பு விட முடியாது. பெட்ரோல் ஊற்றும் குழாய் நடுவில் வளைகிறது. ஆகவே கணக்கு.

அந்தக் கணக்கில் நான் வைத்திருந்த லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற எண், வண்டி வாங்கிய புதிதில் ஃபுல் டேங்க் போட்டு ஓட்டிப் பார்த்து எடுத்தது. இன்று பங்க்கில் விற்பதில் 20 சதம் எத்தனால். எத்தனாலின் எரிசக்தி லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதாவது கலவையில் ஆறேழு சதம் போய்விடும். வண்டிக்கும் வயதாகிவிட்டது. ஏசி வேறு. எண் மட்டும் இளமையாகவே இருந்தது.

மாத்தூர் தாண்டி, கீரனூருக்கு முன்னால், இருபுறமும் பொட்டலாக இருக்கும் ஒரு இடத்தில் வண்டி இருமி நின்றது. முள் 'ஈ'யில். அன்று அது சொன்னது உண்மை. பின்சீட்டில் மனைவியும் மகளும். பக்கத்து பங்க்குக்கு அந்த வழியாக வந்த ஒருவரின் பைக்கில் ஏறிப்போனேன். பாட்டிலில் தரமாட்டோம் என்று போர்டே வைத்திருந்தார்கள். சட்டம் அது, கெஞ்சிப் பயனில்லை. கடைசியில் பழைய டிவிஎஸ் எக்ஸெல்லில் புல்லுக்கட்டோடு வந்த ஒரு பெரியவர் நிறுத்தினார். டியூபை வாயில் வைத்து உறிஞ்சி, தன் டேங்கிலிருந்து ஒரு லிட்டர் இறக்கிக் கொடுத்தார். "ஆயில் கலந்தது தம்பி, கொஞ்சம் பொகையும்" என்றார். புகைந்தது. காசு வாங்கிக்கொண்டார், அது எனக்குப் பெரிய ஆறுதல்.

பிளஸ் ஒன் முதல் பாடம் அலகுகள். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் நான் முதலில் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1983 ஜூலை 23. ஏர் கனடாவின் புத்தம்புது போயிங் 767. எரிபொருள் காட்டும் கருவி வேலை செய்யவில்லை. தொட்டிகளை அளவுகோல் வைத்துப் பார்த்தார்கள். அளவு சரி. லிட்டரை எடையாக மாற்றும்போது கிலோகிராமுக்கான எண்ணுக்குப் பதில் பவுண்டுக்கான எண்ணைப் போட்டுவிட்டார்கள். 22,300 கிலோ வேண்டிய இடத்தில் 22,300 பவுண்டு, பாதிக்கும் குறைவு. 41,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தபோது எரிபொருள் தீரத் தொடங்கி, அடுத்தடுத்து இரண்டு எஞ்சினும் அணைந்தன. கிளைடர் ஓட்டிப் பழகியிருந்த கேப்டன் பாப் பியர்சன், கிம்லி என்ற ஊரில் கைவிடப்பட்ட விமானத் தளத்தில் அதைச் சறுக்கி இறக்கினார். 69 பேரும் பிழைத்தார்கள். "பாத்தியா, அலகு போடலன்னா என்னாகும்?" என்று முடிப்பேன். மார்க் குறைப்பதற்கான முன்னுரை அது.

கருவி ஏன் வேலை செய்யவில்லை என்ற பகுதியை நான் வகுப்பில் சொல்வதில்லை, பாடத்துக்குத் தேவையில்லை என்று. எரிபொருள் அளவைக் கணக்கிடும் பெட்டிக்குள் ஓரிடத்தில் ஈயப்பற்று சரியாகப் பிடிக்காமல் இருந்தது. ஒட்டியும் ஒட்டாமல் ஒரு இணைப்பு. கீரனூர் சாலையில் எக்ஸெல் பெட்ரோல் புகைய நின்றிருந்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது அந்தச் சொல்லாத பகுதிதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் வீட்டுக்கு வந்திருந்தான். கூப்பிடாமலே வந்து பக்கத்தில் நின்றான். பள்ளி லேபிலிருந்து மல்டிமீட்டர் கொண்டுவந்திருந்தேன் (திங்கள் காலையில் திருப்பி வைத்துவிட்டேன்). வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தினோம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். மூடிய ஷெட்டில் தரையோடு தேங்கி நிற்கும். காற்றில் ஒன்றரை சதம் சேர்ந்தாலே பொறி போதும். இதைச் செய்துபார்க்க நினைப்பவர்கள் மற்றதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

உள்ளே நடப்பது பிளஸ் டூ லேபில் இருக்கும் ரியோஸ்டாட்தான். டேங்குக்குள் ஒரு மிதவை, அதோடு ஒரு கை. கையின் மறுமுனையில் ஒரு தொடுவிரல், கம்பிச் சுருள்மேல் தேய்த்துக்கொண்டே நகரும். மெக்கானிக்குகள் மொத்தத்தையும் டேங்க் யூனிட் என்பார்கள். என் வண்டி வகையில் டேங்க் நிறைந்தால் தடை சில ஓம். காலியானால் நூறு ஓமுக்கு மேல். மீட்டருக்குள் இரண்டு உலோகம் ஒட்டிய பட்டை, அதைச் சுற்றி மெல்லிய சுருள். மின்னோட்டம் கூடினால் சூடு கூடும், பட்டை வளையும், முள் 'எஃப்' பக்கம் ஏறும். சாவியைத் திருப்பியதும் முள் சோம்பலாக எழுவது இதனால்தான். வளைவில் பெட்ரோல் அலம்பினாலும் முள் ஆடாமல் இருப்பதற்காகவே இப்படிச் செய்கிறார்கள்.

என்னை ஏமாற்றியது இந்தச் சோம்பல்தான். எங்கோ ஒரு இணைப்பு விட்டுவிட்டுப் பிடித்துக்கொண்டிருந்தால் வேகமான முள் துடித்துக் காட்டிக்கொடுத்திருக்கும். இந்த முள் எல்லாத் துடிப்பையும் சராசரி எடுத்து, நிதானமாக ஒரு தவறான இடத்தில் நின்றது. தடுமாறாமல் பேசுகிறவனை நம்புகிற அதே புத்திதான் முள்ளையும் நம்பியது.

பின்சீட்டைத் தூக்கினால் ஒரு தகட்டு மூடி. அதற்குக் கீழே டேங்க் யூனிட்டின் தலை. கப்ளரைக் கழற்றினோம். மீட்டருக்குப் போகும் வயரை ஒரு சின்ன 12 வோல்ட் பல்பு வழியாக, டேங்கிலிருந்து தள்ளி, பாடியில் நல்ல உலோகம் தெரிந்த இடத்தில் தொட்டேன். நேராகத் தொடக் கூடாது. மீட்டரின் சுருள் சூட்டில் போய்விடும், பொறியும் வரும். மைத்துனன் முன்சீட்டில் உட்கார்ந்து பார்த்தான்.

"ஏறுது மாமா. அரை... முக்கா... எஃப் தொட்டுருச்சு."

எடுத்தேன். "எறங்குது."

ஒரு நிமிட வேலை. மீட்டர் சரி, அங்கிருந்து இங்குவரை வரும் வயர் சரி. புதுப்பேட்டையில் வாங்கியது வீண் என்பதும் அந்த நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது. எஞ்சின் சூடு காட்டும் முள் இத்தனை காலமும் ஒழுங்காக இருந்ததை வைத்தே மீட்டருக்கு வரும் கரண்டில் குறையில்லை என்று சொல்லியிருக்கலாம். இரண்டு முள்ளும் சேர்ந்து தவறியிருந்தால் மட்டுமே அந்தப் பக்கம் போயிருக்க வேண்டும்.

அடுத்து யூனிட். அதன் முனைக்கும் அதன் தகட்டுத் தலைக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்தேன்: முப்பது ஓம் சுற்றி, அசையாமல். கிட்டத்தட்டப் பாதி டேங்க். அதே முனைக்கும் கார் பாடிக்கும் நடுவே வைத்தேன்: எழுபதுக்கு மேல். மைத்துனன் வண்டியை லேசாக ஆட்டினான். எண் தொண்ணூறுக்குப் போய் அறுபதுக்கு வந்தது. இரண்டும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். நடுவில் இருக்கும் நாற்பது ஓமை நான் எங்கும் வைக்கவில்லை.

"எர்த் பிடிக்கல மாமா" என்றான் அவன். டிராக்டர் வைத்திருக்கிற குடும்பத்தில் வளர்ந்தவன். நான் ஓம் விதியில் தொடங்கி வந்துசேர்ந்த இடத்துக்கு அவன் இரண்டு சொல்லில் வந்துவிட்டான்.

யூனிட்டின் தலையிலிருந்து ஒரு கறுப்பு வயர் கிளம்பி, பின்பக்கம் பாடியில் ஒரு போல்ட்டுக்குப் போகிறது. அந்த போல்ட்டில் இரண்டு வளையங்கள். மேலே இருப்பது பின் விளக்குகளின் எர்த். அடியில் இருப்பது டேங்க் யூனிட்டின் எர்த். போல்ட்டைக் கழற்றினால், அடி வளையத்துக்கும் பாடிக்கும் நடுவில் பளபளவென்று கறுப்பு பெயிண்ட். வளையத்தின் மறுபக்கம் பச்சைக் களிம்பு. போல்ட்டின் மரையில் துரு.

முந்தின வருடம் அடிப்பாகத்தில் துரு பிடிக்கிறதென்று ஒரு பட்டறையில் டிங்கரிங் கொடுத்து, கறுப்புக் கோட்டிங்கும் அடிக்கச் சொன்னவன் நான்தான். போல்ட்டைக் கழற்றி, நன்றாக அடித்து, காய்ந்ததும் வளையத்தை அந்த பெயிண்ட் மேலேயே வைத்து முறுக்கியிருக்கிறார்கள். பெயிண்ட் மின்சாரத்தைக் கடத்தாது. மரை வழியாகவும் துரு வழியாகவும் கசிந்த கொஞ்சநஞ்சத்தில்தான் முள் ஓடிக்கொண்டிருந்தது. வண்டி பட்டறையிலிருந்து வந்த மாதமும் பங்க்கை நான் சந்தேகப்படத் தொடங்கிய மாதமும் ஒன்றுதான்.

ராத்திரிக் கணக்கும் அங்கேயே தீர்ந்தது. பின் விளக்குகள் எரியும்போது அவற்றின் கரண்டும் அதே துருப்பிடித்த போல்ட் வழியாகத்தான் பாடிக்குப் போக வேண்டும். அந்த நெருக்கடியில் போல்ட்டில் ஒன்றிரண்டு வோல்ட் ஏறி நிற்கும். அந்த அளவுக்கு முள்ளுக்கான கரண்ட் குறையும். மீட்டர் சூட்டில் ஓடுவது, சூடு கரண்டின் இருபடிக்கு ஏற்ப மாறும், ஆகவே முள் நன்றாகவே கீழிறங்கும். விளக்கை அணைத்தால் ஏறும். குளிருமில்லை, சுருக்கமுமில்லை. மைத்துனன் எப்போதும் ராத்திரியில் விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தான், அவ்வளவுதான். பின் விளக்கு மங்கலாக எரிவதை நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். பழைய வண்டி, பழைய பல்பு என்று விட்டிருந்தேன்.

இன்னொரு கேள்வி பாக்கி இருந்தது. பெட்ரோல் குறைந்தால் எரிய வேண்டிய மஞ்சள் விளக்கு கீரனூர் சாலையில் ஏன் எரியவில்லை? டேங்க் யூனிட்டில் கீழே ஒரு தெர்மிஸ்டர் உண்டு. பெட்ரோலில் மூழ்கியிருக்கும்வரை குளிர்ந்தே இருக்கும், தடை அதிகம். பெட்ரோல் இறங்கி அது வெளியே தெரிந்ததும் சூடேறும், தடை குறையும், விளக்கு எரியும். ஆனால் அதற்கும் எர்த் அதே கறுப்பு வயர்தான். பல்புக்கு முள்ளைவிடக் கரண்ட் கூட வேண்டும். நாற்பது ஓம் குறுக்கே நின்றால் எரியாது. முள் தவறினாலும் விளக்கு காப்பாற்றும் என்று நினைத்திருந்தேன். இரண்டும் ஒரே ஆளிடம் கேட்டுக்கொண்டு வந்து சொல்லும் சாட்சிகள்.

உப்புத்தாள் வைத்து பெயிண்டைத் தேய்த்து எடுத்தோம், வெள்ளி மாதிரி உலோகம் தெரியும்வரை. வளையங்களையும் தேய்த்தோம். பல் வாஷர் போட்டு முறுக்கி, மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவினோம், ஈரம் ஏறாமல். செலவு, வாஷர் விலை. சாவியைத் திருப்பியதும் முள் பாதிக்கு வந்து நின்றது. பின் விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. மகள் கைதட்டினாள்.

ஆனாலும் முழுக்கச் சரியாகவில்லை. கால் பாகத்துக்கும் பாதிக்கும் நடுவில் ஓரிடத்தில் வரும்போது மட்டும் முள் சரிந்து 'ஈ'க்குப் போய், கொஞ்ச தூரம் ஓடியதும் திரும்பியது. இது எர்த் இல்லை. பெட்ரோல் குறைவாக இருந்த ஒரு நாள், பேட்டரி முனையைக் கழற்றிவிட்டு யூனிட்டை வெளியே எடுத்தேன். மிதவையைக் காதருகில் ஆட்டிப் பார்த்தேன். உள்ளே பெட்ரோல் புகுந்திருந்தால் சலசலக்கும். இல்லை. கம்பிச் சுருளைப் பார்த்தால், இரண்டு ஓரமும் புதிதுபோல இருந்தன. கால் பாகத்துக்கும் பாதிக்கும் நடுவே மட்டும் தேய்ந்து, பள்ளம் விழுந்து, பளபளத்தது.

ஏன் அங்கே மட்டும் என்று யோசித்தால் காரணம் என் பர்ஸ். முள் காலுக்கு வந்ததும் ஐந்நூறு ரூபாய்க்குப் போடுவேன், பாதிக்கு ஏறும். மறுபடி காலுக்கு வரும், மறுபடி ஐந்நூறு. சுருளின் மேற்பாதிக்கு அந்த விரல் போனதே அபூர்வம். ஃபுல் டேங்க் என்று நான் சொன்னது தீபாவளி போனஸ் மாதத்தில் மட்டும்தான் இருக்கும். பள்ளி லேபில் உள்ள ரியோஸ்டாட்டுகளும் நடுவில்தான் தேய்ந்திருக்கும். மாணவர்கள் எல்லாரும் நகரியை நடுவில் வைத்துத்தான் தொடங்குவார்கள். வீட்டுக் கணக்கு நோட்டை யாரிடமும் காட்டியதில்லை. இந்தச் சுருளைப் பார்க்கத் தெரிந்த மெக்கானிக் ஒருவருக்கு அது தேவைப்பட்டிருக்காது.

புது யூனிட் தேடவில்லை. தொடுவிரலைக் குறடால் துளி வளைத்து, பள்ளத்துக்குப் பக்கத்தில் தேயாத தடத்தில் ஓடும்படி வைத்தேன். பழைய மெக்கானிக்குகள் செய்வதுதான். ரொம்ப வளைத்தால் விரல் ஒடியும், சுருள் அறுந்தால் எல்லாம் போச்சு. கை நடுங்காதவர்கள் செய்யலாம். கேஸ்கெட் மட்டும் புதிது.

பிறகு டேங்கைக் கிட்டத்தட்டக் காலிசெய்து, ஐந்து ஐந்து லிட்டராகப் போட்டு, ஒவ்வொரு முறையும் முள் நிற்கும் இடத்தைக் கண்ணாடி ஓரத்தில் ஒட்டிய வெள்ளைத் தாளில் குறித்தேன். அதே பங்க், அதே பையன், அதே பாத்திரம். அவன் என்னைப் பார்த்ததும், "இப்ப என்ன சார்?" என்றான். விஷயத்தைச் சொன்னேன். "நாங்கூட எங்களத்தான் திரும்பவும்னு நெனச்சேன்" என்று சிரித்தான். குறித்து முடித்தபோது கோடுகள் சம இடைவெளியில் வரவில்லை. கை வட்டமாக நகர்கிறது, டேங்க் சதுரப் பெட்டியும் இல்லை. மேலே நெருங்கியும் கீழே விலகியும் விழுந்தன. பாதிக்குக் கீழே முள் ஏன் அவ்வளவு அவசரமாக இறங்குகிறது என்று ஒரு காலத்தில் பங்க்காரர்களைத்தான் கேட்டிருப்பேன்.

மைத்துனனிடம் நான் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. எங்கள் குடும்பத்தில் அந்த வழக்கம் கிடையாது. போன மாதம் மாமியாரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக அவனே கேட்பதற்கு முன்னால் சாவியைக் கொடுத்தேன். அதுதான் எங்கள் பாஷை. ராத்திரி ஒன்பதரைக்கு வண்டி திரும்பியது. விளக்கு எரிந்துகொண்டிருக்க, முள் முக்காலில் நின்றது. டேஷ்போர்டில் வழக்கம்போல பில்.

"இன்னும் எதுக்கு மாப்ள பில்லெல்லாம்? அதான் முள்ளு சரியாயிடுச்சுல்ல" என்றேன்.

"முள்ளு சரியாயிடுச்சு மாமா" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினான்.